கூடமும் கோணலாக இருக்கலாம்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம் மக்கள் நாவில் நெடுங்காலமாய் நடமாடிவரும் பழமொழி. தன் திறமைக் குறைவை மறைப்பதற்காகக் கருவியின் மீதும் களத்தின் மீதும் பழி போடுவோரை நகையாட எழுந்த வாக்கு அது. பழமொழியில் பிழையில்லை. ஆயினும் எந்தப் பழமொழியையும் எல்லாரிடத்தும் எறிந்துவிட முடியாது. கூடம் உண்மையிலேயே கோணலாகக் கட்டப்பட்டிருந்தால் என் செய்வது? தூணை நடுவிலே நட்டு, தரையை மேடும் பள்ளமுமாக விட்டு, "இங்கேதான் ஆட வேண்டும், இன்ன நாளிலேயே ஆட வேண்டும்" என்று ஆணையிட்டவன் திண்ணையில் சாய்ந்திருக்க, இடறி விழுந்தவளை மட்டும் ஏசுவது எந்த ஊர் நீதி?

இந்த வினாவை வீடியோ விளையாட்டுத் துறையை முன்வைத்து எழுப்ப விரும்புகிறேன். கன்சோல் என வழங்கப்பெறும் விளையாட்டுப் பொறிகள் பலவாகும். ஒரு பொறியில் பாலாய் ஓடும் விளையாட்டு மற்றொரு பொறியில் திக்கித் திணறுகிறது, காட்சி உறைந்து நிற்கிறது, முகங்கள் மங்குகின்றன. காசு கொடுத்து வாங்கியவர் கொதிக்கிறார். கொதிப்பு நியாயமானதே. ஆனால் அடுத்த கணமே அவர் வழங்கும் தீர்ப்பு இருக்கிறதே, அதுதான் அநியாயம். "எழுதியவர்கள் சோம்பேறிகள்" என்பதே அத்தீர்ப்பு. விசாரணை இல்லை, சாட்சி இல்லை, மேல்முறையீடும் இல்லை. இத்தீர்ப்பை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறுவர் விளையாட்டுக்கு இலக்கியத் தொகுப்பில் இடம் எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். யூபிசாஃப்ட் நிறுவனம் 2008-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தன் கூடத்தை நிறுவியது. பண்டாய் நாம்கோ நிறுவனமும் 2013-ஆம் ஆண்டு இங்குக் கால் ஊன்றியது. பின்னர் மலேசியாவிலும் கிளை பரப்பியது. நம் மண்ணின் இளைஞர்கள் இரவும் பகலும் கணினித் திரைமுன் அமர்ந்து உழைக்கும் தொழில் இது. உழைப்பவன் மீது வீண்பழி விழும்போது எழுதுகோல் ஏந்தியவன் வாய்மூடி இருத்தல் முறையாகாது.

பொறியின் உள்ளே

அச்சிட்ட நூலை எந்த விளக்கின் ஒளியிலும் படிக்கலாம். அகல்விளக்காயினும் மின்விளக்காயினும் எழுத்து மாறுவதில்லை. ஒரு பொறிக்கென எழுதப்பெற்ற விளையாட்டு அத்தகையது அன்று. ஒவ்வொரு பொறிக்கும் தனிச் செயலி உண்டு. தனி நினைவகம் உண்டு. படம் வரையும் சில்லும் உண்டு. இவற்றை இணைக்கும் பாதைகளின் அகலமும் வேகமும் பொறிக்குப் பொறி வேறுபடும்.

விளையாட்டு என்பது நொடிக்கு 30 அல்லது 60 படங்களை இடைவிடாது வரைந்து காட்டும் வேலை. 60 படம் வேண்டுமாயின் ஒரு படத்துக்குக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. அதற்குள் ஆடுபவரின் கையசைவை அறிய வேண்டும். பாத்திரங்களை நகர்த்த வேண்டும். மோதல்களைக் கணிக்க வேண்டும். ஒலியைக் கலக்க வேண்டும். முழுக் காட்சியையும் தீட்டி முடிக்க வேண்டும். ஒரு முறை தவறினால் கண் கண்டுபிடித்துவிடும். கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைந்த அந்தப் பொழுதுக்குள் எந்த வேலையை எந்தச் செயலியிடம் ஒப்படைப்பது, எந்தப் பொருளை எந்த நினைவகத்தில் வைப்பது என்பதே நிரல் எழுதுவோரின் கலை. பொறி மாறினால் கணக்கு முழுவதும் மாறும். ஒரு பொறிக்கு எழுதியதை மற்றொன்றுக்குப் பெயர்ப்பதைப் படியெடுக்கும் வேலை என்று எண்ணுவது அறியாமை. பல இடங்களில் அது புதிதாய்க் கட்டும் வேலையே ஆகும்.

இரட்டை மாட்டு வண்டி

சான்று காட்டாமல் சாடுவது அழகன்று. 1994-ஆம் ஆண்டு நவம்பரில் சேகா நிறுவனம் சாட்டர்ன் என்னும் பொறியை ஜப்பானில் வெளியிட்டது. அதனுள் ஹிட்டாச்சி நிறுவனத்தின் எஸ்.எச்.-2 வகைச் செயலிகள் இரண்டு இருந்தன. படம் வரைய மேலும் இரண்டு சில்லுகள் இருந்தன. ஒலிக்கும் பிற பணிகளுக்குமாகச் சேர்த்து எண்ணினால் செயலிகளின் தொகை எட்டு! தாளில் எழுதிப் பார்த்தால் தளவாடப் பட்டியல் மலைக்க வைக்கும். நடந்தது என்ன? இரண்டு மையச் செயலிகளும் நினைவகத்தை அடையப் பாதை ஒன்றே. ஒன்று அதில் செல்லும்போது மற்றொன்று காத்து நிற்க வேண்டும். இரண்டு மாடுகளைப் பூட்டிவிட்டு, ஒரு மாடு செல்லும் அகலத்துக்கு வழி விட்ட கதை அது.

இன்னொன்றும் உண்டு. முப்பரிமாண உருவங்களை முக்கோணத் துண்டுகளால் கட்டுவதே பின்னர் உலக வழக்காய் நிலைத்தது. சாட்டர்னோ நாற்கோணத் துண்டுகளால் கட்டியது. ஆகவே முக்கோணத்தில் உருவாக்கிய ஒன்றைச் சாட்டர்னுக்குக் கொண்டுவருவது, செங்கல்லால் கட்டிய வீட்டைக் கருங்கல்லால் மீண்டும் கட்டுவது போலாயிற்று. சேகா நிறுவனத்தின் தலைசிறந்த படைப்பாளரான யூ சுசுகியே, இரண்டு செயலிகளைவிட விரைவான ஒரே செயலி இருந்திருந்தால் நலமாயிருக்கும் என்னும் கருத்தை அந்நாளில் வெளியிட்டார். சொந்த வீட்டுப் பிள்ளையே அவ்வாறு சொன்னார் என்றால் வெளியிலிருந்து வந்தவர்களின் பாடு என்ன?

அதே ஆண்டு திசம்பரில் சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் வந்தது. ஒரு மையச் செயலி. அதனோடு இணைந்த வடிவியல் கணிப்பி. சி மொழியில் எழுத உதவும் நூலகங்கள். நிரலர்கள் எப்பக்கம் சாய்ந்தனர் என்பது வரலாறு. சாட்டர்ன் உலகெங்கும் ஒரு கோடியை எட்டாமலே ஓய்ந்தது. பிளேஸ்டேஷன் 10 கோடியைத் தாண்டியது. விலையும் வெளியீட்டுக் குளறுபடியும் சாட்டர்னின் வீழ்ச்சிக்குத் துணைநின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும், எழுதுவோரை வருத்திய பொறிக்கு எழுத ஆள் குறைந்தது என்பதும் மெய்யே.

வென்றவர் கற்ற தவறான பாடம்

எளிமையால் வென்ற நிறுவனம் எளிமையைப் போற்றியிருக்க வேண்டும் அன்றோ? வெற்றி மயக்கம் அறிவை மறைத்தது. 2000-ஆம் ஆண்டு வந்த பிளேஸ்டேஷன் 2 முன்னதைவிடச் சிக்கலானது. 2006-ஆம் ஆண்டு நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 3 சிக்கலின் சிகரம்.

அதன் இதயம் செல் என்னும் செயலி. ஒரு தலைமைக் கருவும் எட்டுத் துணைக் கருக்களும் அதில் உண்டு. உற்பத்தியில் சற்றே பழுதுபட்ட சில்லுகளையும் பயன்கொள்ளும் பொருட்டுத் துணைக் கருக்களில் ஒன்று முடக்கப்பட்டது. மற்றொன்று பொறியின் சொந்த வேலைக்கு ஒதுக்கப்பட்டது. விளையாட்டுக்கு எஞ்சியவை ஆறு. ஒவ்வொரு துணைக் கருவிடமும் இருந்த சொந்த நினைவகம் 256 கிலோபைட் மட்டுமே. பொது நினைவகமும் ஒன்றாக இல்லை. 256 மெகாபைட் ஒரு பக்கம், படத்துக்கென 256 மெகாபைட் இன்னொரு பக்கம் எனச் சுவர் எழுப்பிப் பிரித்திருந்தனர்.

நம் கல்யாண வீட்டுச் சமையற்கட்டை எண்ணிப் பாருங்கள். 2005-ஆம் ஆண்டு வந்த எக்ஸ்பாக்ஸ் 360 பொறியில் ஒத்த திறமுடைய மூன்று சமையற்காரர்கள். அவர்களுக்கு 512 மெகாபைட் அளவில் ஒரே களஞ்சிய அறை. யார் வேண்டுமாயினும் கைநீட்டி வேண்டியதை எடுக்கலாம். பிளேஸ்டேஷன் 3-இல் ஒரு தலைமைச் சமையற்காரர். அவருக்கு மின்னல் வேகக் கையுடைய ஆறு எடுபிடிகள். ஆனால் ஒவ்வொருவர் முன்னும் இருப்பது ஒரு சிறு தாம்பாளம். களஞ்சியத்துக்குள் அவர்கள் நேரே கைவிட முடியாது. எதை, எப்போது, எவ்வளவு தாம்பாளத்துக்கு வரவழைப்பது, அரிந்ததை எப்போது திருப்பி அனுப்புவது என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். களஞ்சியமோ இரண்டு அறை. அரிசி ஓர் அறையில் தீர்ந்துவிட்டால் மற்றோர் அறையின் வெற்றிடம் எளிதில் கைகொடாது. பந்தி நேரம் மட்டும் இரு வீட்டுக்கும் ஒன்றே! முதல் வீட்டுக்கு வகுத்த திட்டத்தை இரண்டாம் வீட்டில் அப்படியே நடத்து என்றால் சாம்பார் பந்திக்கு வந்து சேருமா?

எடுபிடிகளின் கை வேகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. முறையறிந்து ஏவினால் அவர்கள் வியத்தகு வேலை செய்வர். முறையறிய ஆகும் காலத்துக்கும் பொருளுக்கும் யார் பொறுப்பு என்பதே என் வினா.

அதற்கு விடை போல அமைந்தது 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த ஒரு பேச்சு. அப்போது சோனியின் விளையாட்டுப் பிரிவுக்குத் தலைவராய் இருந்த கசுவோ ஹிராய் ஓர் ஏட்டுக்கு நேர்காணல் அளித்தார். எழுதுவோர் விரும்பும் எளிய பொறியைத் தாங்கள் தருவதில்லை என்றும், எளிதாக இருந்தால் அதன் திறன் முழுவதையும் எவரும் விரைவில் எடுத்தாண்டுவிடுவர் என்றும், அதன்பின் எஞ்சிய ஒன்பதரை ஆண்டும் என்ன செய்வது என்றும் அவர் கூறினார். தச்சனுக்கு மொட்டை உளி கொடுத்துவிட்டு, "கூரான உளி கொடுத்தால் விரைவில் வேலை முடிந்துவிடுமே" என்று சொல்லும் முதலாளியை எங்கேனும் கண்டதுண்டா? இதோ கண்டோம்!

விலை எவ்வளவு?

இந்தக் கோணலுக்கு ஒரு கணக்கும் உண்டு. அதைச் சொன்னவர் நிறுவனத்துக்குப் பகைவர் அல்லர். பிளேஸ்டேஷன் 4 பொறியின் தலைமை வடிவமைப்பாளரான மார்க் செர்னி. ஒரு குழு புதிய பொறி ஒன்றைக் கையில் பெற்று, அடிப்படை வரைகலை அமைப்பை எழுப்பி இயக்கிக் காட்ட எவ்வளவு காலம் ஆகும் என்பதை அவர் 2013-ஆம் ஆண்டில் வரிசைப்படுத்தினார். முதல் பிளேஸ்டேஷனுக்கு 1 முதல் 2 மாதம். இரண்டாவதற்கு 3 முதல் 6 மாதம். மூன்றாவதற்கு 6 முதல் 12 மாதம். நான்காவதற்கு மீண்டும் 1 முதல் 2 மாதம்.

இந்த எண்களைச் சற்றே நின்று பார்க்க வேண்டும். ஓர் ஆண்டு! ஓராண்டுச் சம்பளம், ஓராண்டு வாடகை, ஓராண்டு மின்கட்டணம். அத்தனையும் செலவிட்ட பின்னும் கதை தொடங்கவில்லை, களம் அமையவில்லை, ஆடுபவருக்கு இன்பம் தரும் ஒரு துளியும் உருவாகவில்லை. பெருநிறுவனம் இதைத் தாங்கும். பத்துப் பேர் கொண்ட சிறு குழு எவ்வாறு தாங்கும்? பொறியை உருவாக்கியவர் வடிவமைப்பில் காட்டிய செருக்கின் விலையை, அப்பொறியில் எழுதுவோர் தம் உறக்கத்தால் செலுத்தினர்.

பிளேஸ்டேஷன் 4 ஏன் எளிதாயிற்று? வடிவமைக்கும் முன்பே விளையாட்டு எழுதுவோரைத் தேடிச் சென்று கேட்டனர். நினைவகத்தைப் பிரிக்காதீர் என்பது அவர்கள் வைத்த தலையாய வேண்டுகோள்களில் ஒன்று. அவ்வாறே 8 கிகாபைட் ஒரே நினைவகம், மேசைக் கணினிகளில் பழகிய எக்ஸ்-86 வகைச் செயலி என 2013 நவம்பரில் பொறி வந்தது. எளிய பொறி என்பதால் அது சில ஆண்டில் வற்றிப்போயிற்றா? இல்லை. அதன் ஏழாம் ஆண்டாகிய 2020-இல் வெளிவந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகமும் 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'வும் அப்பொறியின் மிகச் சிறந்த படைப்புகளோடு வைத்து எண்ணப்படுகின்றன. 11 கோடிக்கு மேற்பட்ட பொறிகளும் விற்றன. ஒன்பதரை ஆண்டுக் கவலை பொய்க்கவலை என்பதைக் காலமே காட்டிவிட்டது. கலைஞனின் கற்பனைதான் ஆண்டுதோறும் வளர்வது. அதற்குக் கருவியைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை.

பழி யார் தலையில்?

இனி, பழி எவ்வாறு இடம் மாறுகிறது என்பதைக் காண்போம். 2009-ஆம் ஆண்டு வந்த பயோனெட்டா என்னும் விளையாட்டைப் பிளாட்டினம் கேம்ஸ் குழு எக்ஸ்பாக்ஸ் 360-ஐ மையமாக வைத்து எழுதியது. பிளேஸ்டேஷன் 3-க்குப் பெயர்க்கும் பணியை வெளியீட்டாளரான சேகா நிறுவனமே ஏற்றது. பெயர்ப்பில் காட்சி தடுமாறியது. ஒவ்வொரு திருப்பத்திலும் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. 2011 நவம்பரில் வந்த ஸ்கைரிம் விளையாட்டின் பிளேஸ்டேஷன் 3 பதிப்பில், ஆடி ஆடிச் சேமிப்புக் கோப்பு பெருகப் பெருக ஓட்டம் தளர்ந்து நின்றது. அதன் முதல் துணைப்பாகமாகிய டான்கார்டு 2012-ஆம் ஆண்டின் நடுவில் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்தது. பிளேஸ்டேஷன் 3-க்கு வந்து சேர்ந்ததோ 2013 பிப்ரவரியில். அதே மனிதர்கள், அதே அறிவு, அதே உழைப்பு; ஒரு வீட்டில் வெற்றி, ஒரு வீட்டில் இழுபறி. சோம்பல் காரணமென்றால் அது ஒரு பொறியில் மட்டும் எப்படிக் குடிபுகும்?

2020 திசம்பர் 10-ஆம் நாள் வெளியான சைபர்பங்க் 2077 இன்னும் தெளிவான பாடம். விலையுயர்ந்த கணினிகளையும் விரைவான சேமிப்பகங்களையும் மனத்தில் கொண்டு எழுப்பிய பெருநகரத்தை, 2013-ஆம் ஆண்டுப் பொறிகளின் மெலிந்த செயலிக்குள்ளும் மெதுவான சுழல்தட்டுக்குள்ளும் திணித்தனர். ஒரு வாரத்துக்குப் பின் சோனி தன் கடையிலிருந்தே அதை நீக்கியது. 2021 சூனில்தான் மீண்டும் இடம் தந்தது. வெளியீட்டுக்கு முன் திறனாய்வாளர்களுக்குத் தரப்பட்டது கணினிப் பதிப்பே. பழைய பொறிகளில் அது எவ்வாறு ஓடும் என்பதை வாங்குவோர் அறிய வழியில்லாது போயிற்று. 2021 சனவரியில் சி.டி. புரொஜெக்ட் நிறுவனத்தின் இணை நிறுவனரே காணொளியில் தோன்றி, பணியின் அளவைத் தாங்கள் குறைத்து மதிப்பிட்டதை ஒப்புக்கொண்டார். குழுவினர் மீது பழி சுமத்த வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். முடிவெடுத்தவர் தாமே என்று தலைவரே சொல்லிவிட்ட பின்பும், இன்றுவரை நிரலரை ஏசுவோர் இருக்கின்றனர்!

எதிர்வாதிகளுக்கு

என் கருத்துக்கு எதிராக மூன்று வாதங்கள் எழலாம்.

முதல் வாதம்: கடினமான பொறிதான் மேதைகளை உருவாக்குகிறது, நாட்டி டாக் குழு அதே பிளேஸ்டேஷன் 3-இல் 2009-ஆம் ஆண்டு அன்சார்ட்டட் 2-ஐயும், 2013-ஆம் ஆண்டு 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' முதற் பாகத்தையும் படைக்கவில்லையா என்பது. படைத்தது; போற்றுகிறேன். ஆனால் அக்குழு 2001-ஆம் ஆண்டு முதலே சோனிக்குச் சொந்தமானது. ஒரே பொறிக்கு எழுதும் உரிமை, முதலாளியின் பொருள், பொறியை அருகிருந்து கற்கும் வாய்ப்பு அனைத்தும் அதற்கு வாய்த்தன. அரண்மனை ஆசிரியரிடம் பயின்றவன் தேறினான் என்பதைக் காட்டித் திண்ணைப் பள்ளியில் கூரையின்றிக் கற்றவனைப் பழிக்கலாமா? ஒருவன் மலை ஏறினான் என்பதற்காக ஊருக்குப் போகும் சாலையை மலைமேல் போடுவாரும் இல்லை.

இரண்டாம் வாதம்: எல்லாப் பொறியும் ஒன்றுபோல் ஆனால் புதுமை செத்துவிடும் என்பது. வேற்றுமை வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. எத்தகைய வேற்றுமை என்பதே கேள்வி. 2006-ஆம் ஆண்டு நின்டெண்டோ நிறுவனம் வீ என்னும் பொறியை வெளியிட்டது. கையை அசைத்தால் திரையில் மட்டை வீசும். அதுவரை விளையாட்டைத் தொடாத பாட்டிமாரும் எழுந்து நின்று ஆடினர். 10 கோடிக்கு மேல் விற்றது. அதன் உட்புறமோ, நின்டெண்டோவின் முந்தைய பொறியாகிய கேம்கியூபின் நெருங்கிய வாரிசு! எழுதுவோர் பழகிய உள்ளமைப்பை வைத்துக்கொண்டே உலகம் காணாத புதுமையைக் காட்டினர். ஆடுபவரின் கைக்கு எட்டும் வேற்றுமை ஒன்று. எழுதுபவரின் தலைவலியோடு நின்றுவிடும் வேற்றுமை இன்னொன்று. முன்னது புதுமை. பின்னது வீண்சுமை.

மூன்றாம் வாதம்: இன்று பொறிகள் ஒத்துவிட்டன, அன்ரியல், யூனிட்டி போன்ற பொதுவான இயக்கிகளும் வந்துவிட்டன, இனி எழுதுவோர்க்கு என்ன குறை என்பது. குறை வடிவம் மாறியிருக்கிறது, மறையவில்லை. 2017-இல் வந்த நின்டெண்டோ சுவிட்ச் ஏ.ஆர்.எம். வகைச் செயலியும் 4 கிகாபைட் நினைவகமும் கொண்டது. அதற்குப் பெயர்ப்போர் பெருவிளையாட்டுகளை எலும்புவரை செதுக்க வேண்டியிருந்தது. 2020-இல் ஒரே நாளில் வந்த இரட்டைப் பிள்ளைகளான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 16 கிகாபைட் நினைவகம் கொண்டது. சீரிஸ் எஸ் 10 கிகாபைட் கொண்டது. வலியதில் உள்ள வசதிகள் மெலியதிலும் இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் விதித்த கட்டளை. விளைவு என்ன? 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கணினிக்கும் செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5-க்கும் வந்த பால்டர்ஸ் கேட் 3, எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது திசம்பரில். ஒரே திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஆடும் வசதி சீரிஸ் எஸ் நினைவகத்தில் அடங்கவில்லை. கட்டளையைத் தளர்த்தி, அவ்வசதி இன்றியே வெளியிட விட்டபின்தான் வழி பிறந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. அதை எழுதிய லாரியன் குழு உழைப்பைக் கைவிடவில்லை. 2025 ஏப்ரலில் வந்த எட்டாம் திருத்தத்தில் அதே வசதி சீரிஸ் எஸ் பொறிக்கும் வந்து சேர்ந்தது. சோம்பேறிகள் என்று ஏசுவோர் இதைக் கூர்ந்து நோக்க வேண்டும். முடியாது என்று விட்டவர்கள் அல்லர் அவர்கள்; காலம் கேட்டவர்கள். காலம் கிடைத்தது, கணக்கு முடிந்தது. வெளியீட்டு நாளன்று அவர்களிடம் இல்லாதிருந்தது அந்தக் காலம் ஒன்றே.

செல்லரிக்கும் சுவடிகள்

இக்கோணலால் வரும் கேடு இன்றோடு முடிவதில்லை. நாளைய தலைமுறையையும் தொடர்கிறது. ஒரு பொறியின் தனிப்போக்கில் ஊறிப்போன விளையாட்டு, அப்பொறி மறையும்போது தானும் மறைகிறது. பிளேஸ்டேஷன் 3-இன் தொடக்கப் பதிப்புகளில் முந்தைய பொறியின் சில்லுகளையே உள்ளே வைத்துப் பழைய விளையாட்டுகளை ஓட்டினர். பின்வந்த பதிப்புகளில் அவற்றை நீக்கிவிட்டனர். பிளேஸ்டேஷன் 5 தன் நேர் முன்னோனின் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொள்கிறது. பிளேஸ்டேஷன் 3 வட்டைச் செருகினாலோ கையை விரிக்கிறது. செல் செயலியின் போக்கைப் பிறிதொரு பொறியில் நடித்துக் காட்டுவது அத்துணைக் கடினம். எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுகளை 2015 முதல் அடுத்த பொறியில் ஓட்டிக் காட்டிய மைக்ரோசாஃப்டும், ஒவ்வொன்றாய்த் தேர்ந்து சோதித்தே அதைச் செய்ய முடிந்தது.

சுவடிகளைச் செல்லுக்கும் ஆற்று வெள்ளத்துக்கும் பறிகொடுத்துவிட்டு இன்றளவும் ஏங்கும் இனம் நம் இனம். எழுதிய ஏடு அழிவது என்றால் என்ன என்பதை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய படைப்பை, இருபது ஆண்டில் திறக்கவியலாத பேழைக்குள் பூட்டுவது அறிவுடைமை ஆகுமா?

செய்ய வேண்டுவன

குற்றம் சாட்டியதோடு நிற்பது எளிது. வழியும் கூற வேண்டும்.

பொறி வடிக்கும் நிறுவனங்கள், சில்லின் வரைபடம் தீட்டப்படும் முன்பே எழுதுவோரை அழைத்துக் கேட்க வேண்டும். பொறி வெளிவரும் நாளில் விளக்க நூல்களும் உதவிக் கருவிகளும் முழுமையாய்க் கையில் இருக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 4 இதைச் செய்து இழந்தது ஒன்றுமில்லை என்பதை மேலே கண்டோம்.

வெளியீட்டாளர்கள் எல்லாப் பொறிக்கும் ஒரே நாளைக் குறித்துவிட்டு அந்நாளைத் தெய்வமாக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். ஆயத்தமான பதிப்பு முதலில் வரட்டும்; ஆயத்தமாகாதது பின்னர் வரட்டும். ஆகமிக மெலிந்த பொறியில் தொடக்க நாள் முதலே சோதிக்க வேண்டும்; இறுதி மாதத்தில் அதை நினைத்துக்கொள்வது, பெண்ணை மணவறையில் அமர்த்திய பின் தாலிக்குப் பொன் தேடுவது போன்றது.

திறனாய்வாளர்கள் தாம் ஆடிப் பார்த்த பொறி எது என்பதை வெளிப்படையாய்ச் சொல்ல வேண்டும். ஒரு பொறியில் கண்டதை எல்லாப் பொறிக்கும் உரைத்தல் பொய்ச்சாட்சி ஆகும். தரப்படாத பதிப்பைப் பற்றி, "இது எங்களுக்குத் தரப்படவில்லை" என்று முதல் வரியிலேயே எழுதட்டும். அந்த ஒரு வரி பலருடைய பணத்தைக் காக்கும்.

வாங்குவோர்க்கும் ஒரு சொல். உங்கள் சினத்தை அடக்கிக்கொள்ளும்படி நான் கேட்கவில்லை. குறையுள்ள பொருளுக்குப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். உரத்த குரலில் கேளுங்கள். ஆனால் முகவரி பார்த்துக் கேளுங்கள். இந்தப் பொறியின் உள்ளமைப்பை முடிவு செய்தவர் யார்? இந்த நாளைக் குறித்தவர் யார்? இந்தப் பதிப்பு ஓடாது என்று அறிந்தும் பெட்டியில் இட்டு விற்றவர் யார்? இந்த மூன்று வினாவுக்கும் விடை தேடினால், நள்ளிரவிலும் திரைமுன் அமர்ந்து பிழை திருத்திக்கொண்டிருக்கும் அந்த எளிய மனிதரின் பெயர் அவ்விடைகளில் அரிதாகவே வரும்.

ஆடுபவரின் அடியைத் திறனாய்வு செய்யும் உரிமை நமக்கு உண்டு. அதற்குமுன் தரையைக் குனிந்து பார்க்கும் கடமையும் நமக்கு உண்டு. கூடம் கட்டியவரைக் கேள்வி கேட்கும் துணிவு நமக்கு வரும்வரை, கோணல் கூடங்கள் எழும்பிக்கொண்டேதான் இருக்கும். ஆடுபவர்கள் விழுந்துகொண்டேதான் இருப்பார்கள்.